வயலுக்கு வரும் பூனைப்பருந்துகளைக் கணக்கெடுங்கள்

புரட்டாசி, ஐப்பசியில் சம்பா வயலைச் சுற்றி வரும்போது, பயிருக்குச் சற்று மேலே ஓசையின்றி மிதந்து செல்லும் நீண்ட வாலுடைய பருந்தைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்குஞ்சைத் தூக்க வந்ததாக எண்ணிக் கல்லெறிவோரும் உண்டு. அது பூனைப்பருந்து. ஆசியாவின் வடபகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் தெற்கே வந்து, பங்குனி வரை தங்கும் விருந்தாளி. எலி, வெட்டுக்கிளி, தவளை, சிறு பறவை ஆகியவை அதன் இரை. ஆகவே அது உழவனுக்குக் கூலி கேளாத காவலாளி.

எண்ணுவதால் என்ன பயன்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மலை வழியே இலையுதிர் காலத்தில் பருந்துகள் வலசை போகும். வேட்டைக்காரர்கள் அவற்றைச் சுட்டுக் குவித்து வந்தனர். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் அதனைத் தடுத்து, அம்மலையைப் புகலிடமாக்கினார். அன்று முதல் பறவைகளை எண்ணி எழுதலாயினர். 1935 முதல் 1939 வரை கண்ட வெண்தலைக் கழுகுகளில் 100-க்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 மட்டுமே. குஞ்சு பொரிப்பது குறைந்ததை இக்கணக்கு காட்டியது. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட நூலில் இதனை டி.டி.டி.க்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாக வைத்தார். அமெரிக்கா 1972-இல் அம்மருந்தைத் தடை செய்தது. நம் நாட்டில் 1989-இல் பயிர்களுக்குத் தெளிப்பது நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் எழுதிய குறிப்பே நஞ்சைக் காட்டிக் கொடுத்தது.

கணக்கெடுக்கும் முறை

திருவிடந்தைப் பகுதியில் கிழக்கே கடல்; மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழியும், அவற்றுக்கு அப்பால் ஏரிகளும். இத்தகைய இடம் சேற்றுப் பூனைப்பருந்துக்கு ஏற்றது.

1. புரட்டாசி முதல் கார்த்திகை வரை வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒரு மணி நேரம் நிற்கவும். ஏரிக்கரை நல்ல இடம். பொழுது சாயும்போது இவை தரையில் கூட்டமாக அடைய வருவதால் மாலை வேளை சிறந்தது.

2. பறக்கும்போது இறக்கைகளை ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சற்றே உயர்த்திப் பிடிப்பது பூனைப்பருந்து. பிளவுபட்ட வாலுடையது கள்ளப்பருந்து. செந்நிற உடலும் வெண்தலையும் உடையது செம்பருந்து. பின் இரண்டும் ஆண்டு முழுதும் இருப்பவை. அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

3. ஒரே பறவையை இருமுறை எண்ணாதிருக்க, ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் குறிக்கவும்.

4. நாள், நேரம், இடம், மழை, காற்று ஆகியவற்றையும் எழுதவும். ஒன்றும் தென்படாவிடில் 'இல்லை' என்று எழுதுவதும் கணக்கே.

ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கட்டலாகாது. மழை பொய்த்தாலும் எண்ணிக்கை மாறும். ஐந்தாறு ஆண்டுகள் எழுதினால் போக்கு புலப்படும். கைபேசி உள்ளோர் இ-பேர்டு செயலியிலும் பதியலாம்.

எலி ஒழிப்பில் கவனம்

புரோமோடயலோன் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பருந்துக்கும் ஆந்தைக்கும் அந்நஞ்சு ஏறும். ஆகவே முதலில் வரப்புகளைக் குறுக்கி, கிட்டி வைத்துப் பிடியுங்கள். இரவில் ஆந்தை அமர ஏக்கருக்கு 16 முதல் 20 தாங்கிகள் நடுங்கள். நஞ்சு வைத்தே தீரவேண்டுமாயின், செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

நமது செங்கற்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பெற்றவர்கள். அவர்கள் வழியில், வரும் புரட்டாசியில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிற்காலத்தில் அக்கணக்கைத் தொடர வேண்டியவர்கள் அவர்களே.