மெழுகுக் கட்டியைக் கேள்

சானமாவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அம்மாவுக்குக் குடல் புற்று வந்தபின், எச்சிலை அனுப்பினால் 'எதிர்ப்புச் சக்தி ஜீன் ரிப்போர்ட்' வருமாம், அதற்கு ஓவர்டைம் காசைக் கட்டப்போகிறாயாம். கட்டாதே. நீ இருக்கும் ஓசூர் சிப்காட் பக்கத்தில்தான் என்றாலும் எழுதுகிறேன். போனில் என்னை முழுசாகப் பேச விடமாட்டாய்.

அந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுவது நிஜம். ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்று ஒரு கூட்டம் உண்டு. ஷிப்ட் முடிந்து கேட்டில் பையைத் திறந்து காட்டுகிறீர்களே, அதே மாதிரி செல் தனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே நீட்டிக் காட்டும். டி செல் வாட்ச்மேன் போலப் பார்க்கும். எந்தத் துண்டு நன்றாகத் தெரியும் என்பது அவரவர் எச்.எல்.ஏ.வைப் பொறுத்தது. அழற்சியைக் கூட்டிக் குறைக்கும் இன்டர்லூக்கின், டி.என்.எஃப். மரபணுக்களிலும் ஓரெழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. குடல் புற்றோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்தை நகர்த்துவது நூலளவு; ஒரு நாட்டில் கண்டது இன்னொரு நாட்டில் காணாமல் போகும். பெரிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய ரத்தம். அதை வைத்துக் களி தின்கிற நமக்கு மார்க் போடுவது வியாபாரம்.

நம் வீட்டுக் கதை வேறு. உன் அம்மாவுக்கு 46 வயது. 'ரத்தம் கம்மி' என்று ஒரு வருடம் இரும்பு மாத்திரை விழுங்கினாள். வலது பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்து ரத்தம் கசிந்ததை யாரும் நினைக்கவில்லை. உன் பாட்டி, எங்கள் அம்மா, 48 வயதில் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றில் போனாள். பெங்களூரில் இருபது வருடம் பேதாலஜி லேபில் மெழுகுக் கட்டி சீவியவன் நான். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கே தோன்றவில்லை. வெட்கம்தான்.

1895-ல் அமெரிக்காவில் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண் சொன்னாளாம்: எங்கள் குடும்பத்தில் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாவார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று. அப்படியே போனாள். இன்று அதற்கு லிஞ்ச் நோய் என்று பெயர்.

டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்த எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று நாலு மரபணுக்கள். அதில் ஒன்று பரம்பரையாகப் பழுதாகி வருவதுதான் லிஞ்ச். நீ குவாலிட்டியில் இருப்பவன், உனக்குப் புரியும்: இன்ஸ்பெக்‌ஷனில் ஆள் இல்லாவிட்டால் ரிஜெக்ட் பீஸ் குவியும். அப்படிப் பிழையோடு உருவாகும் கோணல் புரதத் துண்டுகளை எச்.எல்.ஏ. காட்டிக்கொடுக்க, டி செல்கள் கட்டிக்குள் திரளும். கட்டி சும்மா இருக்காது, அவற்றின் பி.டி.1 பிரேக்கை அமுக்கி நிறுத்திவைக்கும். 2022-ல் வெளியான நியூயார்க் ஆய்வில், இந்தத் திருத்தம் கெட்ட மலக்குடல் கட்டி உள்ள 12 பேருக்கு அந்தப் பிரேக்கை விடுவிக்கும் டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்தது. கத்தி வைக்கவில்லை, கதிர் வைக்கவில்லை.

உன் அம்மாவின் கட்டியும் அந்த ஜாதியா என்று தெரிய எச்சில் வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்தில் அவளுடைய கட்டியை மெழுகில் பதித்த பிளாக் இருக்கும். 'எம்.எம்.ஆர். ஐ.எச்.சி. பார்த்தீர்களா?' என்று கேள். அந்த நாலு மரபணுக்களின் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை அது. பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல். நாலு புரதத்தில் ஒன்று சாயம் ஏறாமல் இருந்தாலே லிஞ்ச் என்று முடிவு கட்டாதே, எம்.எல்.எச்.1 வயதாகும்போது பரம்பரை இல்லாமலும் அணைந்துபோகும். அடுத்தது அவளுக்கு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. அதில் உறுதியானால் உனக்கும் உன் தங்கைக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. இருந்தால் 20, 25 வயதிலேயேகூடக் கொலனோஸ்கோப்பி தொடங்கி, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். உனக்கு 23 ஆகிவிட்டது.

இன்னொன்று, எழுதவே கை தயங்குகிறது. தை மாதம் உனக்கும் என் மகளுக்கும் பரிசம் என்கிறார்கள். பாட்டியிடமிருந்து அது உன் அம்மா வழியாக உனக்கும், என் வழியாக அவளுக்கும் வந்திருக்கலாம். இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ சின்ன வயதிலேயே புற்று வரும். ரிசல்ட் தெரியும்வரை பரிசம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அவளிடம் பழுது தெரிந்தால் மறுநாளே நானும் மகளும் ரத்தம் கொடுப்போம்.

திங்கட்கிழமை பிளாக் நம்பரோடு கூப்பிடு. இருட்டுவதற்கு முன்னால் கூப்பிடு. ராகிக்கு யானை இறங்குகிறது, ராத்திரி நான் பரணில் இருப்பேன்.

உன் மாமா