ஸ்கிரீன் சேவர் கரண்டை மிச்சப்படுத்துமா?

"ஸ்கிரீன் சேவர் போட்டிருக்கிறேன். அதனால் கம்ப்யூட்டர் ஆனில் இருந்தாலும் கரண்ட் செலவாகாது" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெயரில் 'சேவர்' இருப்பதால் வந்த குழப்பம் இது. அது காப்பாற்றுவது கரண்டை அல்ல, திரையை. பழைய சி.ஆர்.டி. மானிட்டர்களில் திரையின் உட்புறம் பாஸ்பர் பூச்சு இருக்கும். ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்து, படம் நிழல்போல நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் திரையில் மீன்களும் பைப்புகளும் ஓடின. இன்றைய எல்.சி.டி. மானிட்டருக்கு இது தேவையில்லை. சேவர் ஓடும்போதும் அதன் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முப்பரிமாண சேவர் என்றால், கம்ப்யூட்டர் சும்மா இருப்பதைவிட அதிகமாகவே கரண்ட் இழுக்கும்.

எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம். யாரும் தொடாமல் ஆனில் இருக்கும் சாதாரண டெஸ்க்டாப்பில் சி.பி.யூ. பெட்டிக்கு 60 வாட், மானிட்டருக்கு 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 வாட். இப்படி தினமும் 10 மணி நேரம் வீணாக ஓடினால் 800 வாட்-மணி, அதாவது 0.8 யூனிட். ஒரு வருடத்திற்கு 292 யூனிட். ஸ்லீப்பில் வைத்தால் 2 வாட் அளவுதான் தேவைப்படும். வருடத்திற்கு 7 யூனிட்டோடு முடிந்துவிடும்.

இது பில் கணக்கு மட்டுமல்ல. இந்தியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி, நீர், காற்று, சூரியன் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, 292 யூனிட் என்றால் சுமார் 200 கிலோ! புகைக்கு இவ்வளவு எடையா என்று கேட்பீர்கள். 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. எடை கூடுவது அதனால்தான்.

இந்த வாயு சூரிய ஒளியை உள்ளே விடும். பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹவாய் தீவின் மவுனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு இருந்தது. 2024-ல் அது 420-ஐத் தாண்டியிருந்தது. இதுவரை பதிவானவற்றில் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஏ.சி., கீசரோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் சின்னப் பிள்ளைதான். ஆனால் ஏ.சி. ஓடும்போது யாராவது அறையில் இருப்பார்கள். ஆளே இல்லாத அறையில் ஓடும் கம்ப்யூட்டரால் யாருக்கு என்ன லாபம்? அதிலும் இரவு முழுக்க ஆன் செய்து வைப்பது இன்னும் மோசம். இரவில் சூரிய மின்சாரம் கிடையாது. அப்போது பெரும்பாலும் நிலக்கரி நிலையங்கள்தான் சுமையைத் தாங்குகின்றன.

சரி, செட்டிங்கிற்கு வருவோம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'கண்ட்ரோல் பேனல்' என்று டைப் செய்து திறக்கவும். 'ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்', பிறகு 'பவர் ஆப்ஷன்ஸ்' கிளிக் செய்யவும். டிக் ஆகியிருக்கும் பிளானுக்கு எதிரே 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்' இருக்கும். அதில் 'டர்ன் ஆப் த டிஸ்பிளே' என்பதற்கு 5 நிமிடமும், 'புட் த கம்ப்யூட்டர் டு ஸ்லீப்' என்பதற்கு 15 நிமிடமும் கொடுத்து, 'சேவ் சேஞ்சஸ்' அழுத்தவும். அவ்வளவுதான். மவுசை அசைத்தாலோ ஒரு கீயைத் தட்டினாலோ, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லீப்பில் உங்கள் வேலை ரேமில் இருக்கிறது. ரேமுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் பவர் கட் ஆனால், சேவ் செய்யாத லெட்டர் போனதுதான். கரண்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்களுக்கு ஹைபர்னேட் நல்லது. இது ரேமில் உள்ளதை ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடும். பல கம்ப்யூட்டர்களில் இது மறைந்திருக்கும். அதே பவர் ஆப்ஷன்ஸில் இடது பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' கிளிக் செய்து, 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்' என்பதை அழுத்தினால், கீழே ஹைபர்னேட் தெரியும். டிக் அடித்து சேவ் செய்துவிட்டால், ஷட் டவுன் இருக்கும் இடத்தில் இதுவும் வந்துவிடும்.

அடிக்கடி ஆன், ஆப் செய்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஸ்லீப்புக்குப் போய் எழுவதால் எதுவும் ஆகாது. ஷட் டவுன் செய்த பிறகு சுவர் ஸ்விட்சையும் ஆப் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர், பிரிண்டர், மோடம் அடாப்டர் எல்லாம் ஆளுக்கு ஓரிரு வாட் குடித்துக்கொண்டிருக்கும். ஷட் டவுன் முடிந்து திரை அணைந்த பிறகுதான் அந்த ஸ்விட்சைத் தொட வேண்டும்.