பிளாஸ்மாவின் சூடு: எந்தக் கோட்டை நம்பலாம்?

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்து உதிரிபாக ஆலைகளின் தரச் சோதனை அறைகளில் ‘ஸ்பெக்ட்ரோ’ என்ற பெட்டியைப் பார்க்கலாம். உலோகத் துண்டை வைத்து ஆர்கானில் பொறி பறக்கவிட்டால், கரி எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு என்று சொல்லிவிடும். அந்தப் பொறியும் பிளாஸ்மாதான். அதன் வெப்பநிலை அங்கே யாருக்கும் தேவையில்லை. புராஜெக்டுக்காக வெல்டிங் ஆர்க்கையோ குறையழுத்தக் குழாயையோ அளக்கப் போகும் மாணவருக்குத்தான் அது வேண்டும்.

யாருடைய வெப்பநிலை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எரியும் டியூப்லைட்டுக்குள் எலெக்ட்ரான்கள் 10,000 கெல்வினைத் தாண்டியிருக்கும். வாயுவோ வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குறையழுத்தக் குழாயிலும் இதே கதை. அங்கே வாயுவின் சூடு வேண்டுமானால் கொஞ்சம் நைட்ரஜன் கலந்து, 337 நானோமீட்டர் பட்டையின் வடிவத்தைக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். ஆர்க்கின் நடுப்பகுதியில் எலெக்ட்ரானும் வாயுவும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால், நிறமாலைக் கோடுகளின் செறிவை ஒப்பிடும் முறை அங்கே செல்லும்.

எந்தக் கோடுகள்? ஆர்கானின் 763.5, 811.5 இரண்டும் பளிச்சென்று தெரிவதால் கை அங்கேதான் போகும். வேண்டாம். அவற்றின் மேல் ஆற்றல் மட்டங்களுக்கு இடையே 0.1 எலெக்ட்ரான் வோல்ட்கூட இல்லை. விகிதத்தில் 20 சதவீதம் பிசகினால், 11,600 கெல்வினில் விடையே உருப்படாது. செம்பின் 510.6, 521.8 கோடுகளுக்கு இடைவெளி சுமார் 2.4 எலெக்ட்ரான் வோல்ட். அதே பிசகுக்கு வெப்பநிலை 8 சதவீதம் போலத்தான் தவறும். செம்பு மின்முனை கிடைத்தால் இந்த ஜோடியை எடுங்கள்.

ஆனாலும் இரண்டு கோடு மட்டும் என்றால் தவறு நடந்ததே தெரியாது. நாலைந்து கோடுகளின் செறிவை மேல்மட்ட ஆற்றலுக்கு எதிரே குறித்துப் போல்ட்ஸ்மன் வரைபடம் போட்டால், ஒழுங்கில்லாத புள்ளி தானாகவே தள்ளி நிற்கும். என் ஓட்டு அதற்கே. மேக்நாத் சாகா 1920-இல் தந்த அயனியாதல் சமன்பாட்டைச் சேர்த்து அயனிக் கோடுகளையும் இழுத்துக்கொண்டால் ஆற்றல் இடைவெளி இன்னும் அகலும். ஆனால் எலெக்ட்ரான் அடர்த்தி தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஹைட்ரஜனின் 486.1 கோட்டின் அகலம் உதவும்.

அணுக்களின் ஓட்டத்தால் கோடு விரியும் டாப்ளர் அகலத்தைச் சிறிய கருவியில் தேடாதீர்கள். 10,000 கெல்வினில் ஹைட்ரஜனின் 656.3 கோட்டுக்கே அது 0.05 நானோமீட்டருக்குள்தான். லேசர் வைத்துச் செய்யும் தாம்சன் சிதறல் 1969-இல் மாஸ்கோவின் டி-3 டோகாமாக் என்ற அணு இணைவுக் கருவியின் சூட்டை உலகம் நம்பவைத்த முறை. கல்லூரி பட்ஜெட்டில் அடங்காது.

செம்பின் 324.8, 327.4 கோடுகளை ஒருமுறை பாருங்கள். செறிவு 2-க்கு 1 என்று இல்லாவிட்டால் பிளாஸ்மா தன் ஒளியைத் தானே விழுங்குகிறது. வரைபடத்தில் அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். கோடுகளின் தாவல் நிகழ்தகவு எண்களை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் தரவுத்தளத்தில் எடுக்கும்போது பக்கத்திலுள்ள துல்லியக் குறியையும் கவனியுங்கள். உணரியைச் சரிபார்க்க டங்ஸ்டன் விளக்கு இல்லையென்றால், 510.6, 521.8 ஜோடியோடு நிறுத்திக்கொள்ளலாம்: 11 நானோமீட்டர் தூரத்தில் உணரியின் உணர்திறன் பெரிதாக மாறாது.