கோலூன்றித் தாண்டுதல் கற்றுத்தந்த பாடம்

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, வடிவம் மாற்றத்தான் முடியும் என்று முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். எனக்கு அது உண்மையில் விளங்கியது விளையாட்டுத் திடலில்தான்.

மொட்டைமாடிச் சுவரோரம் நிற்கவே கால் உதறும் நான், இரண்டாமாண்டில் போல்வால்ட் பயிற்சியில் சேர்ந்தேன். "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

ஓடும்போது நம்மிடம் இருப்பது இயக்க ஆற்றல். தரையில் பதித்த பெட்டியில் கோலை ஊன்றியதும், கோல் வளைந்து அந்த ஆற்றலைச் சேமிக்கிறது. நிமிரும்போது நம்மை மேலே தூக்கி, நிலை ஆற்றலாகத் திருப்பித் தருகிறது. சமன்பாட்டில் உடல் எடை இருபுறமும் அடிபட்டுப் போகும். வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே உயரம். இழப்புகளை விட்டுக் கணக்கிட்டால், வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் ஈர்ப்பு மையம் சுமார் 3.26 மீட்டர் உயரும். 7 மீட்டர் வேகத்தில் 2.50 மீட்டர்தான். வேகத்தில் ஒன்று குறைந்தால் உயரத்தில் முக்கால் மீட்டர் போச்சு!

பெட்டி நெருங்க நெருங்கக் கால் தானாகத் தயங்கும். தயங்கினால் கோல் சரியாக வளையாது. வந்த பக்கமே விழ நேரும். ஆக, பயந்து வேகத்தைக் குறைப்பதுதான் ஆபத்து. "பயம் வந்தா வரட்டும்பா, ஓட்டம் குறையக்கூடாது" என்பார் எங்கள் பயிற்சியாளர்.

அதற்காகக் குருட்டுத் துணிச்சலும் கூடாது. முதலில் கோலைத் தாழப் பிடித்து, ஆறே எட்டு ஓடி, மணல் குழியில் குதித்தோம். அது கைவந்த பிறகே பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். எடைக்கேற்ற கோல், நல்ல மெத்தை, பயிற்சியாளர் இம்மூன்றும் இல்லாமல் யாரும் தாண்டிப் பார்க்க வேண்டாம்.

உக்ரைனைச் சேர்ந்த செர்கேய் புப்கா 1985-இல் உலகிலேயே முதலாவதாக 6 மீட்டர் தாண்டினார். திறந்தவெளியில் 6.14 மீட்டரை எட்டியது 1994-இல். வெறும் 14 சென்டிமீட்டருக்கு 9 ஆண்டுகள்! பெரும்பாலும் ஒவ்வொரு சென்டிமீட்டராகவே ஏறினார். சுவீடனின் அர்மாண்ட் டுப்ளான்டிஸ் 2025-இல் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டினார்.

நான் தாண்டுவது 2.40 மீட்டர்தான். பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் 'நம்மால் ஆகாது' என்ற சொல்லை இப்போதெல்லாம் சட்டென்று சொல்வதில்லை. அரியர் தாளைக் கண்டு மலைக்கும் தம்பிகளுக்கும் இதுவே என் வேண்டுகோள்: கம்பியைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள், ஓட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள்!