கடை ஷட்டரின் ஸ்பிரிங்கை அறிவோம்

தராசுக்குத் தவணை தவறாமல் முத்திரை வைக்கிறோம். உரிமத்தை நாள் பார்த்துப் புதுப்பிக்கிறோம். ஆனால் தினமும் ஏற்றி இறக்கும் ஷட்டரை, அது நின்றுபோகும் நாள் வரை நம்மில் பெரும்பாலோர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. "ஷட்டர் கொஞ்சம் பளுவா இருக்கு, நீ வந்து தூக்கு தம்பி" என்று கடைப் பையனைக் கூப்பிடுவதோடு சரி. அந்தப் பளு எங்கிருந்து வந்தது என்பதுதான் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம்.

முதலில் ஒரு கணக்கு. 8 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள சாதாரண மளிகைக் கடை ஷட்டரின் பரப்பு 64 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6 சதுர மீட்டர். 1.25 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.8 கிலோ எடை வரும். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள ஓரங்களைச் சுருட்டியிருப்பதால் அதே பரப்புக்குத் தகடு இன்னும் கூடுதலாகவே பிடிக்கும். அடித்தட்டு, ஆங்கிள், பூட்டு எல்லாம் சேர்த்தால் சுமாராக 75 முதல் 90 கிலோ. ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையில் ஒன்றரை மூட்டைக்குக் குறையாது. இதை நாம் ஒற்றைக் கையால் மேலே தள்ளிவிட்டுச் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போகிறோம் என்றால், உண்மையில் தூக்குவது மேல்மூடிக்குள் மறைந்திருக்கும் ஸ்பிரிங்தான்.

மேல்மூடியைக் கழற்றினால் இரு பக்கமும் பிராக்கெட்டில் இறுக்கி வைத்த ஓர் இரும்புக் குழாய் தெரியும். குழாய் சுழலாது. அதன்மேல் உள்ள கப்பிகள்தான் சுழலும். ஷட்டரின் மேல் பட்டை அவற்றில்தான் மாட்டியிருக்கும். கப்பிக்கு ஒன்றாகச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதன் ஒரு முனை குழாயோடும் மறுமுனை கப்பியோடும் பிணைந்திருக்கும். ஷட்டர் இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பளுவைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆகவே இரவில் பூட்டிவிட்டுப் போகும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. ஷட்டர் முழுவதும் மேலே ஏறிய பிறகும் முறுக்கு பூச்சியமாவதில்லை; மாட்டும்போதே சில சுற்று முறுக்கித்தான் மாட்டுகிறார்கள். "மேலேதானே இருக்கு, கழற்றிப் பார்த்தால் என்ன?" என்று ஸ்பேனரை எடுப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. உருளும் ஷட்டர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6248, கையால் தள்ளி ஏற்றும் வகையை 8 சதுர மீட்டர் வரைக்கும், பால் பேரிங் வைத்தால் 12 சதுர மீட்டர் வரைக்கும் என்று சொல்கிறது. சதுர அடியில் சுமார் 86, 129. அதற்கு மேல் சங்கிலியும் கியரும் வேண்டும். லாரி பின்னால் வந்து நிற்கும்படி 12 அடி அகலம் வைத்த கிடங்குகளில் பேரிங் இல்லாத ஷட்டரைக் கொக்கிக் கம்பியால் இழுத்துத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அங்கே எந்த ஸ்பிரிங்கும் நாள் தாங்காது.

இனி எங்கள் கடையில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. எங்கள் ஷட்டரில் மூன்று ஸ்பிரிங். ஒருநாள் இரவு பூட்டிய சிறிது நேரத்தில் உள்ளே 'டணார்' என்று சத்தம். ஏதோ எண்ணெய் டின் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாளிலிருந்து ஷட்டர் பளுவானது. இரண்டு பேராகத் தூக்கிப் பழகிவிட்டோம். நாலு மாதம் அப்படியே ஓடியது. பொங்கலுக்கு முந்தின வாரம், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே பையன் வெல்லச் சிப்பத்தை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தபோது இரண்டாவது ஸ்பிரிங்கும் போயிற்று. ஷட்டர் சிப்பத்தின்மேல் விழுந்தது. சிப்பம் இல்லாவிட்டால் அவன் முதுகில் விழுந்திருக்கும். இருந்தும் இடது கையில் இரண்டு விரல் நசுங்கி, ஒன்று இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. மெக்கானிக் வந்து இரண்டு முறிந்த துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். ஒன்றின் முறிவு வெள்ளி போலப் பளபளத்தது. மற்றொன்றின் முறிவில் பழைய துரு தடித்துப் படிந்திருந்தது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஆகையால் பளு கூடுவதை வயோதிகம் என்று தள்ளிவிடக் கூடாது. இடுப்பு உயரத்தில் ஷட்டரை நிறுத்தி, பக்கத்தில் விலகி நின்று கையை எடுத்துப் பாருங்கள். நல்ல ஷட்டர் அங்கேயே நிற்கும், அல்லது மெதுவாக நகரும். தடாலென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்தோ முறிந்தோ இருக்கிறது. ஒரு பக்கம் முன்னேறி மறுபக்கம் பின்தங்கினால் பின்தங்கும் பக்கத்தைச் சந்தேகியுங்கள். கையை எடுத்ததும் மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம், அதுவும் நல்லதல்ல. மோட்டார் வைத்தவர்கள், ஸ்பிரிங் முறிந்ததே தெரியாமல் மோட்டாரைச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். மாதம் ஒருமுறை மோட்டாரை விடுவித்துக் கையால் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

எத்தனை நாள் உழைக்கும்? அமெரிக்காவில் வீட்டுக் கார் கொட்டகைக் கதவுகளுக்கான சாதாரண ஸ்பிரிங்குகளை 10,000 முறை ஏறி இறங்கும் என்ற கணக்கில் விற்கிறார்கள். மதியம் ஒருமுறை அடைத்துத் திறக்கும் நம் கடைக்கு நாளைக்கு இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 700க்குச் சற்று மேல். அந்தக் கணக்குப்படி 14 வருடம். நம்மூர் ஸ்பிரிங்குக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும் ஒரு மட்டம் தெரிகிறது. கடற்கரை ஊர்களில் துரு இந்தக் கணக்கை வெகுவாகக் குறைத்துவிடும்.

துருவை நாமே வரவழைப்பதும் உண்டு. கடை வாசலில் உப்பு மூட்டையைக் கைடு சேனலை ஒட்டி அடுக்குகிறோம். காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் முழுவதும் சேனலின் அடியிலும் அடித்தட்டிலும் தேங்குகிறது. சேனல் துருப்பிடித்தால் ஷட்டர் உராய்ந்து ஏறும். அந்த உராய்வும் ஸ்பிரிங்கின் தலையில்தான். உப்பை இரண்டு அடி தள்ளி வையுங்கள். சேனலைத் துணியால் துடைத்து உட்புறம் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், போதும். அங்கே கிரீஸ் பூசினால் மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் ஒட்டிக் களிம்பாகிவிடும். கிரீஸ் வேண்டிய இடம் மேலே, கப்பியும் பேரிங்கும். ஸ்பிரிங்குக்கு மெல்லிய மெஷின் ஆயில் மேலாகப் பூசினால் துரு அண்டாது. மண்ணெண்ணெய் பழைய கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து இறுகும். இந்த வேலையை ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே மெக்கானிக்கைக் கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். மே 5 வணிகர் தினத்தில் கடை அடைத்திருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் மாநாட்டுக்குப் போய்விடுகிறார்கள்!

மாற்றும் வேலையை நாமே செய்யக் கூடாது. இதில் வீரம் வேண்டாம். மெக்கானிக் ஷட்டரை ஏற்றிக் கட்டி, குழாயைப் பைப் ரெஞ்சால் பிடித்து, சுற்றுச் சுற்றாக முறுக்கை இறக்கிய பிறகே கழற்றுவார். பிடி நழுவினால் ரெஞ்ச் சுழன்று வந்து அடிக்கும். பல்லும் தாடையும் போனவர்கள் உண்டு. "கொஞ்சம் குழாயைப் பிடி" என்று நம் பையனை ஏணியில் ஏற்றவும் கூடாது. உதவி ஆள் வேண்டுமென்றால் மெக்கானிக் அழைத்து வரட்டும், கூலியைக் கொடுத்துவிடுவோம்.

ஒன்று முறிந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். மற்றவையும் அதே நாள் மாட்டியவை, அதே அளவு உழைத்தவை. முறிந்ததைப் பற்றவைத்துத் தருகிறேன் என்பார்கள்; பற்றவைத்த சூட்டில் கம்பியின் பதம் போய், பற்றின் பக்கத்திலேயே மறுபடி முறியும். முறிந்த துண்டை வெட்டிவிட்டு மீதியை மாட்டுவதும் அப்படித்தான்: சுருள் எண்ணிக்கை குறைந்த ஸ்பிரிங் விறைப்பாகி, சீக்கிரம் போய்விடும். கம்பி கனத்தில் மிகவும் கவனம் வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உதாரணமாக 7.5 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விறைப்போ நூற்றுக்கு 29 பங்கு கூடிவிடும். பழைய ஸ்பிரிங்கில் நெருங்கியுள்ள பத்துச் சுற்றுகளை அளந்து பத்தால் வகுத்தால் கனம் சரியாகக் கிடைக்கும். விட்டத்தையும் நீளத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பி ஐ.எஸ். 4454 தரத்தில் உள்ளதா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். திருட்டுப் பயத்தில் அடித்தட்டில் கூடுதல் ஆங்கிளோ பூட்டுத் தகடோ பற்றவைத்திருந்தால் அந்த எடையையும் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.

விடியற்காலை பால் வண்டி நிற்கும்போது ஷட்டர் ஏறவில்லை என்றால்? மூன்று பேர் சேர்ந்து தூக்கி, இரு ஓரங்களிலும் உறுதியான சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, அதன் பிறகே உள்ளே போங்கள். முட்டு இல்லாமல் ஒருவரும் குனிந்து நுழையக் கூடாது. மெக்கானிக் வரும்வரை வியாபாரத்தைப் பக்கக் கதவில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இடுப்பு உயரச் சோதனையை அவர் எதிரிலேயே செய்து பார்த்துவிட்டு, ஷட்டரின் உட்பக்கம் கல்லாவிலிருந்து தெரிகிற இடத்தில் தேதியையும் கம்பி அளவையும் பெயிண்டால் எழுதி வையுங்கள்.