பழைய காருக்கு ஆல்டர்னேட்டர்: ஆறு பொருத்தங்கள்

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. பல நாடுகளில் ஆர்வலர்கள் இன்றும் அவற்றைப் பேணி ஓட்டுகிறார்கள்.

ஆனால் இக்காரின் முதல் ஐந்தாண்டு வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. மழை பெய்யும் இரவில் நெரிசலில் நின்று நின்று செல்லும்போது முன்விளக்குகள் மங்கும். மழைத்துடைப்பான் தள்ளாடும். இந்நிலை நீடித்தால் பாட்டரி தீர்ந்து நடுச்சாலையில் கார் நின்றுவிடும். காரணம், அவற்றில் இருந்த மின்னாக்கி பழைய வகை டைனமோ. 1967-இன் இறுதியில் வந்த இரண்டாம் வகை எம்.ஜி.பி.யில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. அதற்கு முந்தைய கார்களின் உரிமையாளர்களும் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்ட விரும்புகிறார்கள்.

அதுவும் 12 வோல்ட், இதுவும் 12 வோல்ட். போல்ட் துளைகள் சரியாக இருந்தால் போதாதா? போதாது. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே ஆறு பொருத்தங்கள் பார்க்க வேண்டும். ஆறும் நீங்கள் பாடத்தில் படிக்கும் இயற்பியலே.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

காந்தப் புலத்தைக் கம்பிச்சுருள் வெட்டும்போது அதில் மின்னியக்கு விசை தோன்றும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். இரு பொறிகளுக்கும் இதுவே அடிப்படை. எது நிற்கிறது, எது சுழல்கிறது என்பதில்தான் வேறுபாடு.

டைனமோவில் காந்தம் நிற்கிறது. மின்சாரம் தரும் சுருள் சுழல்கிறது. தோன்றும் மின்சாரம் முழுவதும் சுழலும் திசைமாற்றியின் செப்புத் துண்டுகள் வழியாகவும், அவற்றை உரசும் கரித் தூரிகைகள் வழியாகவும் வெளியே வர வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் அங்கே பொறி பறக்கும். மிக வேகமாகச் சுழற்றினால் சுருளின் கம்பிகளே பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஆகவே டைனமோவை அடக்கமான வேகத்தில்தான் ஓட்ட முடியும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ அந்த வேகமும் கிடைக்காது. மின்சாரம் அநேகமாக வராது.

ஆல்டர்னேட்டரில் இந்த ஏற்பாடு தலைகீழ். மின்காந்தம் நடுவில் சுழல்கிறது. மின்சாரம் தரும் மூன்று சுருள்கள் அதைச் சுற்றி அசையாமல் நிற்கின்றன. தூரிகைகள் மின்காந்தத்திற்குத் தேவையான சில ஆம்பியர்களை மட்டுமே சுமக்கின்றன. சுருள்களில் எழுவது மாறுதிசை மின்னோட்டம். அதை ஆறு டயோடுகள் நேர்திசையாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகின்றன. டயோடு ஒருவழிப் பாதையாதலால், எஞ்சின் நின்றபின் பாட்டரி மின்சாரம் திரும்பி ஓடுவதையும் அதுவே தடுக்கிறது.

முதல் பொருத்தம்: இடம்

டைனமோ நீண்டு ஒல்லியானது. ஆல்டர்னேட்டர் குட்டையாய்ப் பருத்தது. எனவே பழைய தாங்கிகளில் அது அப்படியே உட்காராது. இடைவெளியை நிரப்பத் துண்டுக் குழாய்களோ வேறு தாங்கியோ வேண்டும். எஞ்சினின் கப்பியும் ஆல்டர்னேட்டரின் கப்பியும் ஒரே தளத்தில் இருப்பது மிக முக்கியம். தளம் விலகினால் பெல்ட் ஒரு பக்கமாக உரசி விரைவில் தேயும். கப்பியின் பள்ளமும் பெல்ட்டின் அகலமும் ஒத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாறுதிசை மின்னோட்டத்தை டயோடுகள் திருத்துவதால், ஆல்டர்னேட்டர் எப்பக்கம் சுழன்றாலும் மின்சாரம் வரும். ஆனால் அதன் முகப்பிலுள்ள குளிர்விசிறியின் இதழ்கள் பெரும்பாலும் ஒரு திசைக்கென்றே சாய்க்கப்பட்டவை. எதிர்த்திசையில் சுழன்றால் காற்று குறைந்து பொறி சூடேறும்.

இரண்டாம் பொருத்தம்: வேகம்

எஞ்சின் கப்பியின் விட்டம் 130 மி.மீ., ஆல்டர்னேட்டர் கப்பியின் விட்டம் 65 மி.மீ. என்று கொள்வோம். வேக விகிதம் 130 ÷ 65 = 2. எஞ்சின் நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால் ஆல்டர்னேட்டர் 1,600 முறை சுழலும். எஞ்சின் 5,500-ஐ எட்டினால் இது 11,000-ஐ எட்டும். உறுதியான சுழலி இருப்பதால் ஆல்டர்னேட்டர் இதைத் தாங்கும்.

டைனமோவில் இருந்த பெரிய கப்பியையே எடுத்து மாட்டினால் என்ன ஆகும்? அதன் விட்டம் 80 மி.மீ. எனில் விகிதம் ஏறத்தாழ 1.6 தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது 1,600-க்குப் பதில் 1,300 முறையே கிடைக்கும். எந்தக் குறையைப் போக்க ஆல்டர்னேட்டர் வாங்கினோமோ அக்குறை பாதி திரும்பி வந்துவிடும்!

மூன்றாம் பொருத்தம்: முனை

காரின் இரும்பு உடலே மின்சுற்றின் ஒரு கம்பியாகப் பயன்படுகிறது. இதை 'எர்த்' என்கிறோம். இன்றைய கார்களில் பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.யிலோ நேர்முனை உடலோடு இணைந்திருந்தது!

வழக்கமான ஆல்டர்னேட்டரின் கூடு எதிர்முனை. அது போல்ட்டுகள் வழியாக எஞ்சினையும் உடலையும் தொடுகிறது. நேர்முனை எர்த் உள்ள காரில் இதை அப்படியே இணைத்தால், டயோடுகள் எத்திசையில் மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டுமோ அத்திசை அவற்றுக்குத் திறந்த வழியாகிவிடும். பாட்டரி, டயோடு, மீண்டும் பாட்டரி என்று தடையே இல்லாத சுற்று உருவாகும். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முன்பே டயோடுகள் கருகும். கம்பிகள் தீப்பிடிக்கவும் கூடும். எனவே முதலில் காரையே எதிர்முனை எர்த்துக்கு மாற்ற வேண்டும். பாட்டரி இணைப்புகளையும் தீப்பொறிச் சுருளின் இரு இணைப்புகளையும் இடம் மாற்ற வேண்டும். ரேடியோ, எலெக்ட்ரானிக் சுழற்சிமானி போன்றவை இருந்தால், அவற்றின் முனைகளைச் சரிபார்க்காமல் மின்சாரம் தரக்கூடாது. பழைய டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இனி வேலையில்லை.

நான்காம் பொருத்தம்: சுமை

பலரும் குழம்பும் இடம் இதுதான். பழைய டைனமோவின் அளவு 22 ஆம்பியர். அதன் பின் வந்த லூகாஸ் நிறுவனத்தின் 16 ஏ.சி. வகை ஆல்டர்னேட்டரின் அளவு 34 ஆம்பியர். (சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். வழியாக நமக்கும் பழக்கமான பெயர்தான் லூகாஸ்.) இன்று 60 ஆம்பியர் வகைகளும் கிடைக்கின்றன. "60 ஆம்பியர் பாய்ந்தால் என் பழைய விளக்குகள் எரிந்துபோகாதா?" என்று சிலர் அஞ்சுவர்.

போகாது. ஒரு விளக்கில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை மின்னழுத்தமும் விளக்கின் மின்தடையும் தீர்மானிக்கின்றன. இது ஓம் விதி. மின்னழுத்தத்தைச் சீராக்கி ஏறத்தாழ 14 வோல்ட்டில் வைக்கிறது. 60 ஆம்பியர் என்பது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கொடுத்தே தீரும் அளவன்று. ஊரின் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாயினும் உங்கள் குடத்தில் குடம் கொண்ட அளவே நிறையும் அல்லவா?

சரி, தேவை எவ்வளவு? மழை இரவு ஒன்றுக்குத் தோராயமாகக் கணக்கிடுவோம். முன்விளக்குகள் 100 வாட், மற்ற விளக்குகள் 30, தீப்பொறி ஏற்பாடு 45, மழைத்துடைப்பான் 35, சூடேற்றி விசிறி 40. மொத்தம் 250 வாட். இதை 14 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 18 ஆம்பியர். 22 ஆம்பியர் டைனமோ வேகமாகச் செல்லும்போது இதைச் சமாளிக்கும். நெரிசலில் சுமை முழுவதும் பாட்டரியின் தலையில் விழும். 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு இது எளிது. பாட்டரிக்கு ஊட்டவும் மிச்சமிருக்கும். கூடுதல் கருவிகள் இல்லாத காருக்கு 60 ஆம்பியர் தேவையில்லை.

உச்ச அளவை மீறாதபடி காப்பது எது? ஆல்டர்னேட்டரே தன்னைக் காத்துக்கொள்கிறது! வேகம் இருமடங்கானால் மின்னியக்கு விசை இருமடங்காகும். மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் இருமடங்காகும். அதிர்வெண் உயர்ந்தால் சுருளின் மின்மறுப்பும் அதே அளவு உயரும். தள்ளும் விசையும் தடுக்கும் மறுப்பும் சேர்ந்தே ஏறுவதால் மின்னோட்டம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. மிதிவண்டி விளக்கின் 'டைனமோ'வும் பெயரளவில்தான் டைனமோ. உண்மையில் அது சிறு ஆல்டர்னேட்டர். நீங்கள் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் பல்பு எளிதில் எரிந்துபோகாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஐந்தாம் பொருத்தம்: கம்பி

விளக்குகள் பிழைத்தாலும், ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் கம்பி பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். தீர்ந்துபோன பாட்டரி அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அது முழுவதும் இக்கம்பி வழியேதான் செல்கிறது. 2 மீட்டர் நீளமும் 3 சதுர மி.மீ. குறுக்குப் பரப்பும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.011 ஓம். மிகச் சிறியதுதான். ஆனால் 40 ஆம்பியர் பாய்ந்தால் அதில் வெப்பமாகும் திறன் 40 × 40 × 0.011, அதாவது சுமார் 18 வாட். மின்னோட்டம் 60 ஆம்பியரானால் 40 வாட்! மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. வெப்பமோ இரண்டே கால் மடங்கு. கட்டாகச் சுற்றப்பட்ட பழைய கம்பிகளின் நடுவே இவ்வெப்பம் வெளியேற வழியின்றி உறையை உருக்கும். பெரிய ஆல்டர்னேட்டர் வாங்குவோர் தடித்த கம்பியும் வாங்க வேண்டும்.

ஆறாம் பொருத்தம்: தொடக்கம்

ஆல்டர்னேட்டரின் காந்தம் ஒரு மின்காந்தம். மின்சாரம் பிறக்கக் காந்தம் வேண்டும். காந்தம் பிறக்க மின்சாரம் வேண்டும்! இந்த முடிச்சை அவிழ்ப்பது ஓட்டுநரின் முன்னுள்ள சிறு எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும் பாட்டரியிலிருந்து இந்த 2.2 வாட் பல்பு வழியாகச் சிறிது மின்னோட்டம் மின்காந்தச் சுருளுக்குப் போகிறது. அதனால் தொடக்கக் காந்தம் உண்டாகிறது. ஆல்டர்னேட்டர் இயங்கத் தொடங்கியதும் பல்பின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் சமமாகிறது. மின்னழுத்த வேறுபாடு இல்லாததால் விளக்கு அணைகிறது.

ஆகவே இந்தப் பல்பு வெறும் அறிவிப்புப் பலகையன்று; சுற்றின் உறுப்பு. அது இழை அறுந்தாலோ, மிகக் குறைந்த மின்னோட்டமே செல்லும் எல்.இ.டி. விளக்கை அதன் இடத்தில் வைத்தாலோ, புத்தம் புதிய ஆல்டர்னேட்டர்கூட உறங்கிக் கிடக்கலாம். பொறி பழுது என்று திருப்பிக் கொடுக்கும் முன் இந்தச் சிறு பல்பைப் பார்ப்பது நல்லது.

இடம், வேகம், முனை, சுமை, கம்பி, தொடக்கம்: ஆறும் கூடினால்தான் ஒரு பொறி இன்னொரு பொறியின் இடத்தில் 'பொருந்துகிறது' என்று சொல்ல முடியும். கண்ணுக்குத் தெரியும் பொருத்தம் இவற்றுள் முதலாவது மட்டுமே. மற்ற ஐந்தையும் காகிதமும் பென்சிலும் கொண்டு, பொறியை விலைக்கு வாங்கும் முன்பே பார்த்துவிடலாம்.

சிந்திக்க:

1. 12 வோல்ட், 2.2 வாட் பல்பு முழு ஒளியுடன் எரியும்போது அதில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு? அப்போது அதன் மின்தடை என்ன?

2. மேற்சொன்ன கம்பிக்குப் பதிலாக 6 சதுர மி.மீ. கம்பியைப் போட்டால், 60 ஆம்பியர் பாயும்போது எவ்வளவு வெப்பத் திறன் தோன்றும்?

3. பாட்டரி முனைகளை மாற்றினால் நிலைக்காந்தம் கொண்ட விசிறி மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். காந்தத்திற்கும் கம்பிச்சுருளையே பயன்படுத்தும் மோட்டார் பழைய திசையிலேயே சுழலும். ஏன்?