பேக்கேஜிங் வடிவமைப்பு: முக்கியக் குறிப்புகள்

யூசீட், சீட், என்ஐடி நுழைவுத் தேர்வுகளுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகவும், அச்சுத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்காகவும் தொகுத்தவை. பொது அறிவுத் தாளுக்குப் பயன்படும் குறிப்புகளும் உள்ளன.

பேக்கேஜிங் கற்க வருபவர்கள் பெரும்பாலும் எழுத்துருவிலும் நிறத்திலும் தொடங்குகிறார்கள். என் வகுப்பில் முதல் வாரம் கணினி கிடையாது. பழைய சோப்பு டப்பாவும் கத்தரிக்கோலும்தான். டப்பாவைப் பிரித்து விரிக்கச் சொல்வேன். பெட்டி எப்படி மடிகிறது என்று கை அறிந்த பிறகுதான் அதன்மேல் வரைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அதனால்தான்.

பெட்டியின் உடற்கூறு

● டைலைன்: பெட்டியைப் பிரித்துத் தட்டையாக வைத்தால் கிடைக்கும் கோட்டுப்படம். வெட்ட வேண்டிய இடம் தொடர்கோடு. மடிக்க வேண்டிய இடம் விட்டுவிட்டு வரும் கோடு. இந்தக் கோடுகள் அச்சாகக் கூடாது என்பதால் தனி லேயரில், தனி நிறத்தில் வைப்பார்கள்.

● ப்ளீட்: வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறத்தை நீட்டிவிடுவது. பொதுவழக்கு 3 மி.மீ. வெட்டும்போது தாள் இம்மியளவு நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாமலிருக்க இது. அதேபோல் எழுத்துகளை வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளியே வைக்க வேண்டும்.

● பசை மடிப்பு: பெட்டியின் ஓரத்தில் ஒட்டுவதற்காக விடும் பட்டை. இங்கே மையோ வார்னிஷோ லேமினேஷனோ வந்தால் பசை சரியாகப் பிடிக்காது. வெறுமையாக விடவேண்டும்.

● முகங்களின் திசை: பலரும் சறுக்கும் இடம். சோப்பு டப்பாவில் நான்கு முகங்களும் வரிசையாக நிற்கும். எழுத்து எல்லாம் ஒரே திசையில் இருக்கும். மூடி போட்ட இனிப்புப் பெட்டி அப்படியல்ல. நடுவில் மேல்முகம், அதைச் சுற்றி நான்கு பக்கங்களும் நான்கு திசையில் விரியும். தட்டையாகப் பார்க்கும்போது பின்பக்க எழுத்து தலைகீழாக இருந்தால்தான் மடித்தபின் நேராக நிற்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இனிப்புக் கடைக்கு இதைக் கவனிக்காமல் கோப்பு கொடுத்துவிட்டேன். ஆயிரம் மூடிகள் அச்சாகி வந்த பிறகு, கடைப்பெயர் பின்பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து டம்மி மடித்துப் பார்க்காமல் எந்தக் கோப்பும் என் கையைவிட்டுப் போனதில்லை.

● மடிக்கும் அட்டைப்பெட்டியின் தந்தை: ராபர்ட் கேர், நியூயார்க் புரூக்ளினில் அச்சகம் நடத்தியவர். 1879. விதைப் பைகள் தயாரிக்கையில் மடிப்புக்கோடு போடவேண்டிய உலோகப் பட்டி இடம் மாறிப் பையை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்புக்கோடு போடுவதையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாமே என்று அந்தப் பிழையிலிருந்து அவருக்குத் தோன்றியது.

நிறமும் அச்சும்

● திரைக்கு ஆர்ஜிபி. அச்சுக்கு சிஎம்ஒய்கே, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் தாளில் மங்குவது இதனால்தான். ஒரு நிறுவனத்தின் சிவப்பு எல்லாப் பெட்டியிலும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி மை கலந்து அடிப்பார்கள், ஸ்பாட் கலர். பான்டோன் நிற அட்டைகள் வந்த ஆண்டு 1963.

● படங்களின் துல்லியம்: அச்சளவில் 300 டிபிஐ.

● அட்டைப்பெட்டிக்கு ஆஃப்செட். சிப்ஸ், பிஸ்கட் போன்ற பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு கிராவியூர் அல்லது ஃபிளெக்ஸோ. கிராவியூரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செதுக்கிய உருளை வேண்டும். உருளை விலை அதிகம். ஆகவே குறைந்த நிறங்களில் வடிவமைப்பது சிக்கனம் மட்டுமல்ல, திறமையும்கூட.

● ஒளிபுகும் ஃபிலிமில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக உட்புறம் அச்சிட்டு, பின்னால் இன்னொரு ஃபிலிமை ஒட்டுவார்கள். மை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வதால் கை உரசி அழியாது, உணவையும் தொடாது.

● சிஎம்ஒய்கே மைகள் ஒளி ஊடுருவுபவை. பழுப்புக் கிராஃப்ட் தாளிலோ வெள்ளி பளபளப்பு ஃபிலிமிலோ நேரடியாக அடித்தால் அடியிலுள்ள நிறம் மேலே தெரியும். முதலில் வெள்ளை மைத்தளம் போடவேண்டும். கோப்பில் வெள்ளைக்கும் ஒரு தனித்தட்டு.

● பாக்கெட் சுருளின் ஓரத்தில் தெரியும் சிறிய கட்டம் அலங்காரமல்ல, ஐ மார்க். நிரப்பும் இயந்திரத்தின் ஒளிக்கண் அதைப் பார்த்துத்தான் எங்கே வெட்டுவது என்று அறிகிறது. அதைச் சுற்றி வேறு எந்த வரைகலையும் வரக் கூடாது.

● தமிழ் எழுத்து: ஞ, ண, ழ, ஐ போன்றவற்றில் சுழிகள் அதிகம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, சிறிய அளவில் வைத்தால் மை பரவிச் சுழி அடைபட்டுவிடும். கோடு தடித்த எழுத்துருவும் ஒரு புள்ளி கூடுதல் அளவும் வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு தமிழைச் சிறிதாக்கி ஓரத்தில் தள்ளுகிறார்கள். இதை நாம் ஏற்கக் கூடாது. அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிவிடவும். இல்லையேல் அங்கே எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறும்.

பார்கோடு

ஆண்டுதோறும் மாணவர்கள் குழம்பும் பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

● முதன்முதலில் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் டிராய் நகரிலுள்ள மார்ஷ் சூப்பர்மார்க்கெட்டில். பொருள் ரிக்லி நிறுவனத்தின் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம். பார்கோடு கருத்துக்கு 1952-இல் காப்புரிமை பெற்றவர்கள் நார்மன் ஜோசஃப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர்.

● நம் கடைகளில் பார்ப்பது ஈஏஎன்-13: 13 இலக்கம். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்று எழுதினால் தவறு. அந்த எண் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிவு செய்த நிறுவனத்தினுடையது என்பது மட்டுமே அதன் பொருள். பொருள் எங்கும் தயாராகியிருக்கலாம்.

● கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். கணக்கு: முதல் 12 இலக்கங்களில் ஒற்றை இடத்தவற்றைக் கூட்டு, இரட்டை இடத்தவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்கு, இரண்டையும் சேர், அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவையோ அதுவே விடை. 890123456789 என்றால் 8+0+2+4+6+8 = 28; (9+1+3+5+7+9) × 3 = 102; மொத்தம் 130. ஏற்கெனவே பத்தின் மடங்கு, ஆகவே சரிபார்ப்பு எண் 0.

● இயல்பான அளவு, இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 × 25.93 மி.மீ. 80% வரை சுருக்கலாம், 200% வரை பெருக்கலாம். வெற்றிடத்தில் பூவேலைப்பாடு செய்தால் ஸ்கேனர் படிக்காது.

● சிவப்புக் கோடுகளால் பார்கோடு அச்சிடக் கூடாது. கடை ஸ்கேனரின் ஒளி சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை ஏற்றவை.

சட்டம் கேட்கும் இடம்

● சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009. பொதியிட்ட பொருள்கள் விதிகள் 2011. பாக்கெட்டில் கட்டாயம்: தயாரிப்பாளர் பெயர், முகவரி; பொருளின் பொதுப்பெயர்; நிகர அளவு; தயாரிப்பு மாதம், ஆண்டு; எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை; நுகர்வோர் புகாருக்கான தொடர்பு. இவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழிலும் இருக்கலாம், தடையில்லை.

● உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்: 14 இலக்கம்.

● சைவக் குறி: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு அசைவத்துக்கும் வட்டமே இருந்தது. பச்சையும் பழுப்பும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது பயன்படவில்லை. வடிவத்தை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. விரிவான விடைகளில் எழுதுங்கள். முட்டை அசைவக் கணக்கு. பாலும் தேனும் அல்ல.

● சிகரெட் பெட்டி எச்சரிக்கை: 2016 ஏப்ரல் 1 முதல் முதன்மை முகப்பில் 85%.

● 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி பொதியின் வடிவமும் நிறச் சேர்க்கையும்கூட வணிகக்குறியாகலாம். 10 ஆண்டு, புதுப்பிக்கலாம். வடிவமைப்புச் சட்டம் 2000-இன்படி 10 + 5 ஆண்டுகள் மட்டுமே.

பெயர், ஆண்டு

● லித்தோகிராஃபி: அலோய்ஸ் செனெஃபெல்டர், 1796.
● கோகோ கோலாவின் இடை வளைந்த பாட்டில்: 1915, ரூட் கண்ணாடி நிறுவனம், இண்டியானா.
● டெட்ரா பாக்: 1951, ஸ்வீடன், ரூபன் ரவுசிங். முதல் பொதி நான்முகி வடிவம், பெயரும் அதிலிருந்தே.
● மறுசுழற்சி முக்கோணம்: 1970, கேரி ஆண்டர்சன். அப்போது மாணவர். ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக வரைந்தார்.
● பிளாஸ்டிக் எண்கள்: 1 பெட், 2 எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பிபி, 6 பாலிஸ்டைரீன், 7 பிற.
● இந்தியப் பேக்கேஜிங் கழகம்: 1966, தலைமையகம் மும்பை. என்ஐடி அகமதாபாத்: 1961.
● சிவகாசி: அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையோடு அச்சுத் தொழிலும் ஊரில் வேரூன்றியது.

பயிற்சி வினா

கோவில்பட்டி கடலைமிட்டாய், 200 கிராம். அட்டைப்பெட்டி வடிவமைக்கவும்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதைப் பெட்டி சொல்ல வேண்டும். வெல்லப்பாகு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஆகவே உள்ளே ஃபிலிம் பாக்கெட், வெளியேதான் அட்டை. மிட்டாய் தெரிய ஜன்னல் வைத்தால் ஃபிலிமும் ஒளிபுகுவதாக இருக்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள். அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். பச்சைக் குறி முகப்பில். இவ்வளவுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பரப்பில்தான் படம்.

வரைந்ததை அசல் அளவில் அச்செடுத்து, வெட்டி, மடித்து, ஒட்டுங்கள். தெருமுனை மளிகைக் கடையில் அண்ணாச்சியிடம் கேட்டு, மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே அலமாரியில் வைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால் மறுபடி வரையுங்கள்.